கேடயமும் வேலியும்: ஒடுக்கப்பட்டோரின் பழைமைவாதம்

ஒடுக்கப்பட்ட மக்கள் அனைவரும் இயல்பாகவே மாற்றத்தை நாடுவோர் என்றும், பழைமை பேணும் அரசியல் ஆள்வோருக்கே உரியது என்றும் ஓர் எண்ணம் தமிழ் அறிவுலகில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. அடிமைப்பட்டவன் எவ்வாறு பழைமையைப் போற்றுவான்? அவனைப் பிணித்த விலங்கே அப்பழைமை அன்றோ? வினா எளியது, ஆகவே கவர்ச்சியானது. வரலாறோ இதற்கு அத்துணை எளிய விடையைத் தருவதில்லை. கறுப்பின மக்கள் வாழும் நாடுகள் பலவற்றில், அவர்களுக்குள்ளிருந்தே பழைமைவாதச் சிந்தனையொன்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்துள்ளது. அதனை விளங்கிக்கொள்ளாமல் ஏசுவோரும், விளங்கிக்கொள்ளாமலே மேற்கோள் காட்டுவோரும் ஈழத்துத் தமிழரிடையே உளர். இவ்விரு சாராரும் தவறு செய்கின்றனர். அத்தவற்றின் அளவு, கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நோக்குவதைவிட, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் பெரியகல்லாறு போன்றதோர் ஊரிலிருந்து நோக்கும்போது தெளிவாகப் புலப்படும்.

முதலில் அச்சிந்தனையின் தோற்றத்தைக் காண்போர் புக்கர் ரி. வொஷிங்டனிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். 1856இல் வேர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் அவர். 1881இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகீயில் ஒரு கல்விக்கூடத்தின் தலைமையை ஏற்றார். மாணவர் தாமே செங்கல் அறுத்துத் தம் கட்டடங்களை எழுப்பினர். 1895இல் அற்லாண்டாவில் அவர் ஆற்றிய உரையின் சாரம் இதுவே: கறுப்பினத்தார் முதலில் தொழிலும் சிக்கனமும் கைத்திறனும் பெறுக, அரசியல் உரிமையும் சமூக சமத்துவமும் அவற்றைத் தொடர்ந்து வரும். வெள்ளையர் கைதட்டினர். மறு ஆண்டிலேயே அந்நாட்டு உயர் நீதிமன்றம் இனப்பாகுபாடு சட்டப்படி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பினத்தாரின் வாக்கைப் பறித்தன. 1903இல் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் தம் நூலொன்றில் வொஷிங்டனை நேருக்கு நேர் மறுத்தார். வாக்கில்லாதவன் தன் கடையையும் காணியையும் எதனைக் கொண்டு காப்பான் என்பதே அம்மறுப்பின் உட்கிடை. அவ்வினாவுக்கு வொஷிங்டனிடம் வெளிப்படையான விடை இருக்கவில்லை. எனினும், வாக்குப் பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு அவர் மறைவாகப் பணம் கொடுத்து உதவினார் என்பது பிற்காலத்தில் வெளிவந்த உண்மை. அடங்கிப்போனவர் என்று ஏசப்பட்டவர், மேடையில் ஒன்றும் மறைவில் ஒன்றும் செய்யுமளவுக்கு நெருக்கடியில் வாழ்ந்தவர் என்பதை ஏசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அச்சிந்தனை வொஷிங்டனோடு முடிந்துவிடவில்லை. பொருளியலறிஞர் தோமஸ் சோவெல், 1991இல் அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசராக அமர்ந்த கிளரன்ஸ் தோமஸ் முதலியோர் அதன் பிற்கால வடிவங்கள். தாம் யேல் பல்கலைக்கழகத்தில் பெற்ற சட்டப் பட்டத்தின் மதிப்பை இனவாரிச் சலுகை என்னும் நிழல் குறைத்துவிட்டது எனத் தோமஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். 2023இல் இனவாரியான பல்கலைக்கழகச் சேர்க்கையை நீக்கிய தீர்ப்போடு உடன்பட்டுத் தனியுரையும் வழங்கினார். பிரித்தானியாவில், நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த கெமி பேடனொக் 2024இல் பழைமைக் கட்சியின் தலைவரானார். ஆபிரிக்காவில் மலாவியின் ஹேஸ்ரிங்ஸ் பண்டா மரபொழுக்கத்தின் பெயரால் பெண்கள் காற்சட்டை அணிவதைத் தடைசெய்தார். 1967இல் இனவொதுக்கல் நடத்திய தென்னாபிரிக்க அரசுடன் தூதுறவும் கொண்டார். 1971இல் தம்மை ஆயுட்கால அதிபராக்கிக்கொண்டார். இவர்கள் அனைவரையும் பழைமைவாதிகள் என ஒரே பெயரால் அழைப்பதிலேயே குழப்பம் தொடங்குகின்றது. செங்கல் அறுக்கக் கற்பித்தவரும், பெண்ணின் உடையை அளந்தவரும் ஒருவரல்லர். ஒன்று வலிமையற்றோர் தம்மைக் காக்கப் பிடித்த கேடயம். மற்றது வலிமையற்றோருள் வலியவர் தமக்காகப் போட்ட வேலி. பழைமைவாதம் எதனையும் ஏற்குமுன், கேடயமா வேலியா என்று வினவுவதே அறிவுடைமை.

இவ்வினாவை எழுப்ப மறுப்போருள் முதற் சாரார் ‘துரோகி’ என்ற சொல்லோடு விவாதத்தை முடித்துக்கொள்வோர். வெள்ளையர் புகழ்ந்தனர் என்பதாலேயே வொஷிங்டனைத் தள்ளுவர். ஆளுங்கட்சி மகிழ்ந்தது என்பதாலேயே சோவெலைத் தள்ளுவர். ஒரு கருத்தை யார் புகழ்ந்தார் என்பது அக்கருத்தின் மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பது தருக்கத்தின் முதற்பாடம். அப்பாடத்தை மறந்ததன் விலையை ஈழத்தமிழர் அறிவர். 1956 முதல் மட்டக்களப்பின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த செல்லையா இராசதுரை 1979இல் ஆளுங்கட்சியிற் சேர்ந்தபோது, அவரது முடிவு சரியா பிழையா என்று ஆராய்ந்தவர் சிலர். அச்சொல்லால் அழைத்தவர் பலர். அவருக்கு முன், 1975இல், யாழ்ப்பாண நகர மேயர் அல்பிரட் துரையப்பா அச்சொல் சுமத்தப்பட்டே பொன்னாலையிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1999இல் அரசியலமைப்பு வழியே தீர்வு தேடிய நீலன் திருச்செல்வம் கொழும்பிற் குண்டுக்கு இரையானார். இவர்கள் கூறியவை யாவும் சரியென்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் வாதத்துக்கு விடையாகச் சாவைக் கொடுத்த சமுதாயம், அந்த வாதத்தில் வென்றதாக ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டாம் சாரார் இதற்கு நேர்மாறானவர். 2004இல் சோவெல், சலுகைக் கொள்கைகளை நாடு வாரியாக ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். இந்தியா, மலேசியா, நைஜீரியா, ஐக்கிய அமெரிக்கா ஆகியவற்றோடு இலங்கைக்கும் அதில் ஓர் அதிகாரம் உண்டு. ஒருகாலத்தில் இன நல்லுறவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்ட நாடு, மொழிச் சலுகையாலும் பல்கலைக்கழகச் சேர்க்கைச் சலுகையாலும் பகை முற்றி உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது என்பது அதன் கருத்து. தரப்படுத்தலால் நொந்த தமிழ்ப் படிப்பாளிகள் பலருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்ததாயிற்று. அமெரிக்கக் கறுப்பினத்து அறிஞரே சொல்லிவிட்டார். இனி எந்த ஒதுக்கீடும் அநீதியே என்று அவர்கள் முடிவு கட்டுகின்றனர். இம்முடிவிலேதான் பிழை கிடக்கின்றது.

1971ஆம் ஆண்டுச் சேர்க்கையில் மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் தோற்றியவருக்கு 229 புள்ளிகள் போதுமானவையாக இருந்தன. தமிழ் மொழி மூலம் தோற்றியவருக்கு 250 வேண்டியிருந்தது. இது அநீதி என்பதில் ஐயமில்லை. ஆயின் எவ்வகை அநீதி? ஆட்சியதிகாரம் முழுவதையும் தன் கையிற் கொண்ட பெரும்பான்மை தனக்குத் தானே வழங்கிக்கொண்ட சலுகை அது. அமெரிக்கக் கறுப்பினத்தார் பெற்றதோ, ஆட்சியில் பங்கின்றி, அடிமைத்தளையிலும் அதன்பின் சட்டப் பாகுபாட்டிலும் கிடந்தோருக்கான ஈடு. வலியவன் தன் தட்டில் தானே சோற்றை அள்ளிப் போடுதலும், பட்டினி கிடந்தவனுக்குப் பந்தியில் இடம் விடுதலும் ஒன்றாகுமா? சலுகை எதுவாயினும் விளைவு பகையே என்பது சோவெலின் வாதமாக இருக்கலாம். விளைவை மட்டும் அளந்து, கொடுத்தவர் யார் பெற்றவர் யார் என்பதை அளக்காத தராசு அரைத்தராசு. அத்தராசைக் கடன் வாங்கிய தமிழர், தமக்கு இழைக்கப்பட்ட அநீதியின் தன்மையையே அதனால் மறைத்துவிடுகின்றனர். அதிகாரம் உடையோர் செய்த குற்றத்தை, உதவி என்ற கருத்தின் குற்றமாக மாற்றிவிடுகின்றனர்.

இனி, இந்த வாதத்தைக் கிழக்கிலிருந்து நோக்குக. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது மிகுதியும் இழந்தவை கொழும்பும் யாழ்ப்பாணமும். நல்ல ஆய்வுகூடமும் நெடுங்காலக் கல்வி மரபும் இல்லாத மாவட்டங்களுக்கு அதே முறை ஒரு கதவைத் திறந்தது. அம்மாவட்டங்களுள் தமிழர் வாழ்வனவும் உண்டு. கலைத்துறை ஒழிந்த ஏனைய துறைகளுக்கு நெடுங்காலமாக வழக்கிலிருக்கும் முறையில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டத் திறமைக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் உரியன. அவ்வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் மட்டக்களப்பும் உண்டு. மொழிவாரித் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தமையால் இரண்டும் ஒன்றே என யாழ்ப்பாண அரசியல் எண்ணிற்று. அந்த எண்ணத்தையே தமிழினம் முழுவதன் எண்ணமாகவும் அது எழுதி வைத்தது. பெரியகல்லாற்றிலிருந்து மாவட்டத் திறமையில் மருத்துவ பீடம் புகுந்த மாணவர் ஒருவர், சோவெலை மேற்கோள் காட்டி ஒதுக்கீடு அனைத்தையும் கண்டிப்பாராயின், அவர் தாம் ஏறிவந்த ஏணியை உதைப்பவராவார். ‘கோட்டாவில் வந்தவர்’ என்ற ஏளனத்தைக் கேட்ட காயம் அவருக்கு இருக்கலாம். கிளரன்ஸ் தோமஸின் காயமும் அதுவே. அக்காயம் உண்மையானது. ஆனால் ஏளனத்துக்கு மருந்து ஏணியை எடுத்துவிடுதல் அன்று. ஏளனம் செய்தவரைத் திருத்துதலேயாம்.

இவ்வளவும் சொல்லியபின், சோவெலின் மற்றொரு கூற்றுக்குச் செவிசாய்த்தே ஆகவேண்டும். சலுகையின் பயன், அதனைப் பெறும் கூட்டத்தின் மேல்தட்டிலேயே தங்கிவிடும் என்பது அவரது கூற்று. இதனை மறுக்க விரும்புவோர் வாவியைக் கடந்து ஒருமுறை செல்வாராக. மட்டக்களப்பு மாவட்டம் ஒன்றெனினும் அதற்குக் கரைகள் இரண்டு. கடலோரத்து எழுவான்கரையில் பெருவீதியும் பழைய பாடசாலைகளும் தனியார் வகுப்புகளும் உள; பெரியகல்லாறும் இக்கரையினதே. பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால், வாவியின் மேற்கே கிடக்கும் படுவான்கரையோ வயலும் காடும் சார்ந்தது. போர்க்காலத்தில் மிகவும் நொந்தது. விஞ்ஞான பாடத்துக்கு ஆசிரியரைத் தேடி அலைவது. மாவட்டப் பட்டியலில் இரு கரைப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். மாவட்டத்துக்கு வந்த இடம் எந்தக் கரைக்கு இறங்கும் என்பதை ஊகிக்கப் பெருங்கணிதம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தை நோக்கி ‘எங்கள் பின்தங்கிய நிலையைக் காண்பீர்’ என்னும் எழுவான்கரை, மேற்கே திரும்பி அதே சொல்லைக் கேட்கும்போது செவிடாகின்றது. இது சோவெல் சுட்டிய நோய். ஆயினும் நோய்க்கு அவர் கூறும் மருந்து பொருந்தாது. அளவுகோல் பரும்படியாக இருப்பின் அதனை நுணுக்குதல் வேண்டும். மாவட்டம் என்ற அலகைப் பிரதேசம், பாடசாலை என்னும் அளவுக்கு இறக்குதல் வேண்டும். அளவுகோலையே முறித்து எறிதல், படுவான்கரைப் பிள்ளைக்கு எந்த நன்மையும் தராது.

பழைமைவாதத்தில் வேறொரு உண்மையும் உண்டு. மேலிருந்து வரும் சீர்திருத்தம் மக்களின் வாழ்முறையை அறியாது வருமாயின், அது நலிந்தோரையே முதலில் நசுக்கும் என்று அச்சிந்தனை எச்சரிக்கின்றது. கறுப்பினத்தார் தேவாலயத்தையும் குடும்பத்தையும் பற்றி நின்றமைக்கு அதுவே காரணம். அரசு அவர்களுக்குப் பன்னெடுங்காலம் பகையாகவே இருந்தது. மட்டக்களப்பிலும் இதற்குச் சான்றுண்டு. இங்கு குடி தாய்வழியது. வயிற்றுவார் என வழங்கும் பெண்வழி மரபு சொத்துரிமையோடு பிணைந்தது. முக்குவச் சட்டம் என அறியப்பட்ட வழக்கத்தை 1876ஆம் ஆண்டின் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் செல்லாதாக்கியது. ஆயினும் வீடு மகளுக்கே என்ற வழமையைச் சட்டத்தால் அழிக்க இயலவில்லை; சீதனமாக வீட்டைக் கொடுத்து, மணமகன் மனைவியின் மனைக்கு வந்து வாழும் முறை நிலைத்தது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை பெரியகல்லாறு உட்பட இக்கரையூர்களைச் சிதைத்தது. அதன்பின் எழுந்த புதுவீடுகளுக்கு உறுதி எழுதியபோது, அரச படிவங்கள் ‘குடும்பத் தலைவர்’ என்று கேட்டன. அவ்விடத்தில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த மனை, ஒரே கையொப்பத்தில் கணவனுடையதாயிற்று. பெண்கள் அமைப்புகள் எதிர்க்குரல் எழுப்பின. இங்கு பழைமையே பெண்ணின் கேடயம். நவீனம் என்று வந்ததே அவளது உடைமையைப் பறித்தது. மரபு எல்லாம் பிற்போக்கு என்று பாடம் சொல்வோர் இந்த உறுதிப் பத்திரத்துக்கு என்ன விடை வைத்துள்ளனர்?

எனினும் அதே குடிமுறை கோயில் வாயிலை அடையும்போது வேறு முகம் காட்டுகின்றது. திருவிழாப் பங்கும் வண்ணக்கர் பதவியும் குடி வாரியாகப் பகுக்கப்பட்டன. அதனால் ஊரொற்றுமை காக்கப்பட்டது என்பர். அதில் உண்மையும் உண்டு. ஆனால் குடியைத் தன் வயிற்றில் சுமந்து மறுதலைமுறைக்குக் கொடுப்பவள் பெண். அக்குடியின் பெயரால் அவையில் அமர்பவனோ பெரும்பாலும் ஆண். பறை முழக்கி விழாவைத் தொடக்கி வைப்போர் அவ்விழாவின் முடிவுகளில் எவ்விடத்தில் நின்றனர் என்பதையும் கேட்கலாம். அங்கே கேடயம் வேலியாகின்றது. வீட்டுரிமைக்காக மரபைக் காட்டும் ஒருவர், கோயிலவையில் அதே மரபைக் காட்டிப் பெண்ணையும் தாழ்த்தப்பட்டோரையும் விலக்குவாராயின், அவர் காப்பது மரபையன்று; தம் இருக்கையையே.

இத்தகைய வேலிக்குத் தமிழர் வரலாற்றிற் பெருஞ்சான்று சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் 1913இல் பெண்களுக்குக் கல்லூரி நிறுவியவர். கல்விக்கும் சமயத்துக்கும் பெருந்தொண்டு ஆற்றியவர். பிரித்தானியரிடம் உரிமை கேட்டு வாதாடியவர். ஆயினும் 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு அனைவருக்கும் வாக்குரிமை என்ற கருத்தை முன்வைத்தபோது, அதனை மூர்க்கமாக எதிர்த்தார். படியாதோர்க்கும் தாழ்ந்த சாதியார்க்கும் பெண்களுக்கும் வாக்களித்தல் இந்து சமூக ஒழுங்கைக் குலைக்கும் என அஞ்சினார். மேலிருப்பவரிடம் சமத்துவம் கேட்ட அதே வாய், கீழிருப்பவருக்கு அதனை மறுத்தது. வொஷிங்டனோடு இவரை ஒப்பிடல் பொருந்தாது: வொஷிங்டன் தம் வாக்கைப் பிந்திக் கேட்கலாம் என்றவர், இராமநாதன் பிறர் வாக்கைத் தரவேண்டாம் என்றவர். 1931இல் அவ்வாக்குரிமை வந்தது. வயது வந்த ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். சமூகம் குலைந்துவிடவில்லை. பிற்காலத்தில் பெரும்பான்மையின் ஆணவத்தை எதிர்த்துத் தமிழர் எழுப்பிய குரலுக்கு வலிமை தந்தது, அப்பெரியார் மறுத்த அந்த ஏழையின் வாக்கேயாகும்.

மரபைப் பேணுவோர் யாவரும் இவ்வழியே செல்லவேண்டுமென்ற விதியுண்டா? இல்லை என்பதற்கு விபுலானந்த அடிகளே சான்று. காரைதீவிற் பிறந்த அவர் தமிழ்மரபில் ஊறியவர். மறைந்துபோன யாழின் இலக்கணத்தைத் தேடி ஆண்டுகள் பல உழைத்து, 1947இல் ‘யாழ்நூ’லை வெளியிட்டவர். இதனினும் பெரிய பழைமைப் பற்று யாதுளது? ஆயினும் அவர் 1929இல் மட்டக்களப்பிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த நாள்களிற் சேரிப் பிள்ளைகளைத் தேடிச் சென்று கல்வி புகட்டினார். டஸ்கீகீயின் உழைப்பும், டு போய்ஸின் மானமும் ஒருவரிடத்தே கூடலாம் என்பதற்கு இக்கரையே சான்று தந்துள்ளது. அவர் பழைமையைத் திறந்த வாயிலாகக் காத்தார். பூட்டிய வாயிலாகக் காக்கவில்லை.

ஆதலின் கறுப்பினப் பழைமைவாதிகளைத் துரோகிகள் என்று தள்ளுவோரும், அவர்களைத் தம் வசதிக்கான சாட்சிகளாகக் கூண்டிலேற்றுவோரும் ஒரு பணியைத் தவிர்க்கின்றனர். அதுவே தம் வீட்டை அளக்கும் பணி. தன்முயற்சி பற்றிய வொஷிங்டனின் பாடத்தையும், சலுகை மேல்தட்டில் தங்கும் என்ற சோவெலின் எச்சரிக்கையையும் மட்டக்களப்பு மறுக்க வேண்டியதில்லை. அவற்றைப் படுவான்கரைக்குக் கொண்டுசெல்ல வேண்டியதே கடன். மாவட்ட ஒதுக்கீட்டிற் பட்டம் பெற்றவர் அவ்வொதுக்கீட்டை ஏளனம் செய்யாதிருத்தலும், அது பாலத்துக்கு அப்பாலும் சென்றடைய வாதாடுதலும் அக்கடனின் முதற்கூறு. வழமையின் பெயரால் மகளின் வீட்டைக் காத்தலும், அதே வழமையின் பெயரால் அவளைக் கோயிலவையிலிருந்து விலக்காதிருத்தலும் அதன் மறுகூறு. இவ்விரண்டையும் செய்யாதவர் தம்மை முற்போக்காளர் என்று அழைத்துக்கொண்டாலும், மரபுக் காவலர் என்று அழைத்துக்கொண்டாலும், அவர் நிற்குமிடம் வேலியின் உட்புறமே.